அரசுக்கென நாடு தழுவிய பாதுகாப்பான ரேடியோ வலையமைப்பு: எதிலிருந்து தொடங்க வேண்டும்?

வானலை எழுதியது:

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் "டெட்ராவா, பி25-ஆ, எல்.டி.இ.-யா?" என்ற இடத்தில் உடனே வந்து நின்றுவிடுகிறது (முதல் இரண்டும் போலீஸ், தீயணைப்பு போன்ற துறைகளுக்கான டிஜிட்டல் ரேடியோ தரங்கள், மூன்றாவது மொபைல் போன்களின் 4ஜி தரம்). தொழில்நுட்பத்தின் பெயர் முடிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்கலாம். மிக மோசமான நாளில் யார் யாரோடு பேசியாக வேண்டும்? அந்தப் பேச்சை யார் கேட்கவே கூடாது? மின்சாரமும் கேபிளும் போன பிறகு எவ்வளவு பேச்சு மிஞ்ச வேண்டும்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வைத்துக்கொள்ளாமல் டெண்டர் விடுவது ஆபத்து.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் வடக்குக் கோபுரம் விழப்போகும் நிலையில் இருப்பதைப் பார்த்து எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை போலீஸ் சேனலில் போனது. உள்ளே படியேறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அந்தச் சேனல் கேட்காது. அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. எல்லா இழப்பும் ரேடியோவால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு துறைகளுக்கும் பொதுவான ஒரு சேனல் இருந்திருந்தால் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் தென் கொரியா. 2014 செவோல் கப்பல் விபத்துக்குப் பிறகு, போலீஸ், தீயணைப்பு, மருத்துவம், உள்ளாட்சி எல்லாருக்குமாக 700 மெகாஹெர்ட்ஸில் நாடு முழுவதும் ஒரே எல்.டி.இ. வலையமைப்பைக் கட்டினார்கள். 2021-ல் பணி முடிந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 29 அன்று சியோலின் இத்தேவான் பகுதியில் கூட்ட நெரிசல் விபத்து நடந்தது. அலை இருந்தது, கருவி இருந்தது. துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அதை முறையாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் பிறகு எழுந்த பெரிய குற்றச்சாட்டு.

ஒரு ஊரில் கருவி இல்லை, இன்னொரு ஊரில் பழக்கம் இல்லை. இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி? களத்தில் வேலை பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கோபுரம், மறையாக்கம் (ஒட்டுக்கேட்பவருக்குப் புரியாதபடி பேச்சைப் பூட்டுவது), ஒப்பந்தம், கட்டுப்பாட்டு அறை என்று அவரவர் பக்கத்தை விரிவாக எழுதுங்கள்.

---

மலைத்தளம் எழுதியது:

நான் தளங்களின், அதாவது கோபுரமும் கருவி அறையும் இருக்கும் இடங்களின், பக்கத்துக்காரன். "பாதுகாப்பான வலையமைப்பு" என்றால் எல்லாரும் மறையாக்கத்தைத்தான் நினைக்கிறார்கள். அணைந்துபோன கோபுரத்தை எதிரி ஒட்டுக்கேட்கவும் முடியாது, நம் ஆள் பேசவும் முடியாது. எனக்கு முதல் பாதுகாப்பு மின்சாரம்தான்.

2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தது. அந்த நாட்டின் அரசு டெட்ரா வலையமைப்பு மறையாக்கத்தில் உலகத் தரம். ஆனால் வெள்ளம் மின்கம்பியையும் இணைப்புக் கேபிளையும் அடித்துக்கொண்டு போனபோது, மிகவும் தேவைப்பட்ட இடத்திலேயே தளங்கள் செயலிழந்தன. சில மணி நேரம் தாங்கும் பேட்டரி, சில மணி நேர மின்தடைக்குத்தான் போதும். ஒரு பள்ளத்தாக்கே பெயர்ந்துபோகும் நாளில் சாலை திறக்கவே மூன்று நாளாகும். அங்கே இப்போது 72 மணி நேரத் தாங்குதிறனைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

ஒப்பந்தத் தாளில் "8 மணி நேர பேட்டரி காப்பு" என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். புது பேட்டரி, 25 டிகிரி வெப்பம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஈய-அமில பேட்டரிக்கு அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகர அறை, பழுதான ஏ.சி., கோடைக்காலம் என்றால் இரண்டே வருடத்தில் அந்த 8 மணி நேரம் எங்கே நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தளம் அணையும் வரை உட்கார்ந்திருப்பதுதான் நான் நம்பும் ஒரே சோதனை. ரெக்டிஃபையர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பெட்டி) திரையில் வோல்டேஜ் முதலில் மெதுவாக இறங்கும். கடைசியில் திடீரென்று சரியும். அந்தச் சரிவு எப்போது வருகிறது என்பதை ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி வைத்திருக்க வேண்டும். ஜெனரேட்டரையும் அப்படியே, சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓட்டி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது பின்னிணைப்பு, அதாவது தளத்தை மைய சுவிட்சோடு சேர்க்கும் வழி. இரண்டு வழி இருக்கிறது என்பார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இரண்டு ஃபைபரும் ஒரே பாலத்தின் அடியில் போகும். பாலம் போனால் இரண்டும் போச்சு. ஒரு பக்கம் ஃபைபர், மறுபக்கம் மைக்ரோவேவ் என்று வேறு வேறு பாதையில் வளையமாகக் கட்டுவதுதான் நல்லது. இரண்டும் அறுந்தாலும் தளம் தனித்து நின்று, தன் எல்லைக்குள் இருப்பவர்களையாவது ஒருவருக்கொருவர் பேச வைக்க வேண்டும். டெட்ராவிலும் பி25-லும் இந்த வசதி உண்டு. அதைப் போட்டு வைத்திருக்கிறார்களா, அந்த நிலையிலும் மறையாக்கச் சாவி (பேச்சைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்) வேலை செய்கிறதா என்று ஏற்புச் சோதனையிலேயே கேட்டுவிட வேண்டும்.

பலர் மறக்கும் இன்னொரு விஷயம் நேரம். பெரும்பாலான தளங்கள் ஜி.பி.எஸ்.-ஸிலிருந்துதான் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஜி.பி.எஸ்.-ஸை மறிக்கும் சின்னக் கருவிகள் இன்று சுலபமாகக் கிடைக்கின்றன. நேர ஒத்திசைவு தவறினால் அண்டைத் தளங்கள் ஒன்றையொன்று குழப்பும். நேரத்தைச் சொந்தமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் நல்ல ஆஸிலேட்டர், முக்கியத் தளங்களில் ருபீடியம் அணுக் கடிகாரம், கேபிள் வழியாக வரும் மாற்று நேரம் இவையெல்லாம் இருக்க வேண்டும். மொத்தச் செலவில் இது சின்னத் தொகை.

---

இளம்பொறியாளர் எழுதியது:

மலைத்தளம் அண்ணா, இவ்வளவு கஷ்டப்பட்டுத் தனிக் கோபுரம் எதற்கு என்பதுதான் என் சந்தேகம். மொபைல் நிறுவனங்களிடம் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் அரசுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டு, வாக்கி-டாக்கி போலப் பட்டனை அழுத்திப் பேசும் சேவையை மேலே ஏற்றினால் போதாதா? மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 13-ஆவது வெளியீட்டிலேயே அதற்கு வழி செய்துவிட்டார்கள். வீடியோவும் வரைபடமும் கூடவே கிடைக்கும். டெட்ராவில் ஒரு புகைப்படம் அனுப்புவதற்குள் விடிந்துவிடும்.

---

வானலை எழுதியது:

தம்பி கேட்பது நியாயம்தான். பல நாடுகள் அந்தப் பக்கம்தான் நகர்கின்றன. பின்லாந்தின் விர்வே உலகின் முதல் நாடு தழுவிய பொதுப் பாதுகாப்பு டெட்ரா வலையமைப்புகளில் ஒன்று. அதன் அடுத்த தலைமுறை வணிக நிறுவனத்தின் கோபுரங்களில்தான் ஓடுகிறது, மையக் கருவிகளை மட்டும் அரசு நிறுவனம் தன் கையில் வைத்துக்கொண்டது. அமெரிக்கா 2012-ல் சட்டம் போட்டு 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஒதுக்கியது. அவசரப் பணியாளர்களுக்கான ஃபர்ஸ்ட்நெட் அமைப்பு 2017-ல் ஏ.டி. அண்ட் டி. என்ற மொபைல் நிறுவனத்தோடு 25 வருட ஒப்பந்தம் செய்தது.

ஆனால் 2020 கிறிஸ்துமஸ் காலையில் நாஷ்வில்லில் ஏ.டி. அண்ட் டி. கட்டடத்தின் வாசலிலேயே ஒரு குண்டு வெடித்தது. தீயும் தண்ணீரும் மாற்று மின்சாரத்தைப் பாதித்தன. டென்னசி மட்டுமல்லாமல் பக்கத்து மாநிலங்களிலும் 911 அவசர அழைப்புச் சேவையும் ஃபர்ஸ்ட்நெட்டும் தடுமாறின. முன்னுரிமை என்பது கூட்டத்தில் வழிவிடுவது மாதிரி. வழியே இல்லாதபோது முன்னுரிமை உள்ளவரும் நிற்கத்தான் வேண்டும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நேரடிப் பேச்சு. கோபுரமே இல்லாதபோது ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேச வேண்டும். கைப்பிடி டெட்ரா ரேடியோ பொதுவாக 1 வாட்டில் அனுப்பும், சாதாரண வி.எச்.எஃப். கைப்பிடி 5 வாட் வரை போகும். மொபைல் போனின் எல்.டி.இ. 0.2 வாட், ஆன்டெனா உள்ளே ஒளிந்திருக்கும். சுரங்கப் பாதையிலோ காட்டிலோ இருவர் பேசிக்கொள்ள இது எவ்வளவு போதாது என்பது சோதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரத்தில் நேரடி முறை உண்டு, ஆனால் அதை உருப்படியாகச் செய்யும் கருவிகள் சந்தையில் அரிது. பிரிட்டன் 2015-ல் ஒப்பந்தம் போட்டு, 2019 முடிவதற்குள் டெட்ராவிலிருந்து எல்.டி.இ.-க்கு மாறிவிடலாம் என்று கணக்குப் போட்டது. அந்தக் கெடு தாண்டிப் பல வருடங்களுக்குப் பிறகும் அங்கே போலீஸ்காரர் பேசுவது பழைய டெட்ராவில்தான்.

அதற்காக டெட்ராவைத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். 2016 மார்ச் 22 பிரஸ்ஸல்ஸ் குண்டுவெடிப்பில் பெல்ஜியத்தின் அஸ்ட்ரிட் என்ற டெட்ரா வலையமைப்பு நெரிசலில் திணறியது. அவசரப் பணியாளர்கள் வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டியதாயிற்று. காரணம் எளிய கணக்கு. டெட்ராவில் 25 கிலோஹெர்ட்ஸ் கேரியர் (அலைவரிசை) ஒன்றுக்கு நான்கு நேரப் பங்குகள், பங்குக்கு ஒரு பேச்சு. முதல் கேரியரில் ஒன்று கட்டுப்பாட்டுக்குப் போய்விடும், பேச மிஞ்சுவது மூன்று. ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும் ஒரு பேச்சுக் குழுவில் நூறு பேர் இருந்தாலும் எல்லாரும் ஒரே தளத்தின் கீழே இருந்தால் ஒரு பங்குதான் செலவாகும். அதுதான் இதன் அழகு. ஆனால் உதவிக்கு வந்த ஒவ்வொரு பிரிவும் தன் சொந்த ஊர்க் குழுவையும் சுமந்துகொண்டே வந்தால், அந்த மூன்று பங்கும் நொடியில் நிறைந்துவிடும். கேரியரைக் கூட்டுவது ஒரு தீர்வு. சம்பவ இடத்துக்கு வந்ததும் எல்லாரும் சம்பவக் குழுவுக்கு மாறும் ஒழுக்கம் அதைவிட மலிவானது.

என் பரிந்துரை: குரலுக்குச் சொந்தமான, குறுகிய பட்டை வலையமைப்பு. படத்துக்கும் தரவுக்கும் வணிக வலையமைப்பின் மேல் முன்னுரிமை. இரண்டையும் மையத்தில் இணைக்கலாம், ஆனால் ஒன்று விழும்போது மற்றது விழக் கூடாது.

---

சாவிக்கொத்து எழுதியது:

மறையாக்கத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளும்.

2023-ல் மிட்நைட் ப்ளூ என்ற டச்சு ஆய்வுக் குழு டெட்ராவின் மறையாக்கத்தில் ஐந்து ஓட்டைகளை வெளியிட்டது. டெட்ரா தரம் வந்தது 1995-ல். அதன் மறையாக்க வழிமுறைகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ரகசியமாகவே இருந்தன. இவர்கள் ஒரு ரேடியோவை வாங்கிப் பிரித்து, உள்ளிருந்து அவற்றை எடுத்துவிட்டார்கள். டிஇஏ-1 என்ற வழிமுறையில் 80 பிட் சாவி என்று எழுதியிருந்தது. உள்ளே போனதும் அதை 32 பிட்டாகச் சுருக்கும் ஒரு படி இருந்தது. 32 பிட்டை இன்றைய சாதாரணக் கணினி ஒரு நிமிடத்துக்குள் தேடி முடித்துவிடும். ஐரோப்பியப் பொதுப் பாதுகாப்புத் துறைகளுக்கு டிஇஏ-2, மற்ற பலருக்கு டிஇஏ-1. வாங்கிய பல நாடுகளுக்குத் தங்கள் பெட்டிக்குள் எது இருக்கிறது, அது எவ்வளவு வலுவானது என்பதே தெரியாது.

2025-ல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. டெட்ராவுக்கு மேல் போடும் முனைக்கு முனை மறையாக்கத்தின் ஒரு செயலாக்கத்தில், 128 பிட் ஏஇஎஸ் என்று நம்பியிருந்த சாவி உண்மையில் 56 பிட்டாகக் குறைக்கப்பட்டிருந்தது.

இதற்கும் முன்னால் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். க்ரிப்டோ ஏஜி என்ற சுவிஸ் நிறுவனத்திடம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் மறையாக்கக் கருவி வாங்கின. 1970 முதல் அதை ரகசியமாக வைத்திருந்தவை அமெரிக்க உளவு அமைப்பும் மேற்கு ஜெர்மனியின் உளவு அமைப்பும் என்பது 2020 பிப்ரவரியில் வெளியே வந்தது. தங்கள் ரகசியத்தைக் காக்கக் காசு கொடுத்த அரசுகளின் ரகசியம் அதே பெட்டி வழியாகவே போயிருக்கிறது. இதைப் படிக்கும் எந்த அதிகாரிக்கும் வயிறு கலங்க வேண்டும்.

ஆகவே ரகசிய வழிமுறை எதையும் ஏற்காதீர்கள். பொதுவில் வெளியிடப்பட்டு, உலகம் முழுக்க அடித்துப் பார்த்தும் நிற்கிற ஏஇஎஸ்-256 போன்றதையே கேளுங்கள். செயலாக்கத்தின் மூல நிரலை உங்கள் ஆட்கள் பார்க்கவும், தாங்களே தொகுத்துச் சரிபார்க்கவும் உரிமை கேளுங்கள். ஜெர்மனியில் ஒவ்வொரு ரேடியோவிலும் அரசின் தகவல் பாதுகாப்பு அமைப்பு தரும் ஒரு சிப் அட்டை இருக்கிறது. ரேடியோவை யார் விற்றாலும் சாவி அரசின் அட்டையில். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

ஆனால் வழிமுறை சரியாக இருந்தாலும் பழக்கம் கெடுத்துவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அமெரிக்காவின் சில பெருநகரங்களில் பி25 அலைகளை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மத்திய அமைப்புகளின் ஆட்கள், மறையாக்கம் போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்கள். ரேடியோவின் மேல் ஒரு சின்னச் சுவிட்ச், அதில் ஒரு வட்டம், கோடு போட்ட ஒரு வட்டம். எது திறந்தது, எது மூடியது என்று பார்த்தவுடன் புரியாது. நீங்கள் திறந்த நிலையில் பேசினாலும் மூடிய நிலையில் இருப்பவருக்கு அது வழக்கம்போலக் கேட்கும். அதனால் யாருமே தவறைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். இன்னொரு காரணம், சாவியை அடிக்கடி மாற்றியது. ஒருவருக்குப் புதுச் சாவி வந்து சேர்ந்திருக்காது, உடனே அவருக்காக மொத்தக் குழுவும் திறந்த நிலைக்கு இறங்கிவிடும். சாவியை மாற்றும் இடைவெளியை நீட்டுங்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனைகளில் ஒன்று.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: சுவிட்சே வேண்டாம். ரகசியக் குழு என்றால் அந்தக் குழுவில் எப்போதும் மறையாக்கம்தான், ஆள் கையில் தேர்வே கூடாது. சாவி வான்வழியாகத் தானே போய்ச் சேர வேண்டும். ஒரு ரேடியோ தொலைந்துபோனதாகத் தகவல் வந்த சில நிமிடங்களில் அதை மையத்திலிருந்து முடக்க வேண்டும். முடக்கும் அதிகாரம் இரவுப் பணியில் இருப்பவருக்கும் இருக்க வேண்டும், காலையில் மேலதிகாரி வரும் வரை காத்திருக்கும்படி இருக்கக் கூடாது.

ஒட்டுக்கேட்பதை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். போலியாகப் பேசுவதும் சமமான ஆபத்து. 2023 ஆகஸ்டில் போலந்தில் ரயில்களின் அனலாக் ரேடியோவில் யாரோ மூன்று ஒலிகளை வரிசையாக அனுப்பினார்கள். அது அவசர நிறுத்தச் சைகை. சுமார் இருபது ரயில்கள் நின்றன. உடைக்க எந்தப் பூட்டும் அதில் இல்லை. கருவியும் வலையமைப்பும் ஒன்றையொன்று அடையாளம் உறுதி செய்துகொள்வது எல்லா நிலையிலும் கட்டாயம்.

---

புகைமூட்டம் எழுதியது:

தீயணைப்புப் பயிற்சியிலிருந்து எழுதுகிறேன். சாவிக்கொத்து சாரின் ஒரு வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடில்லை. "எப்போதும் மறையாக்கம்தான்" என்பது ரகசியப் பிரிவுக்குச் சரி. எரியும் கட்டடத்துக்குள் என் ஆள் இருக்கும்போது, பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த வண்டிக்குச் சாவி ஒத்துப்போகாமல் "ஓடு, கூரை விழுகிறது" என்ற வார்த்தை கேட்காமல் போனால்? அங்கே ஒட்டுக்கேட்பவனால் எனக்கு என்ன நஷ்டம்? கேட்காமல் போவதால் வரும் நஷ்டம் ஒரு உயிர்.

குரல் தரம் பற்றி யாரும் சொல்லவில்லை. டிஜிட்டல் ரேடியோ குரலைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்ற மாதிரியை வைத்துக்கொண்டு சுருக்குகிறது. பின்னால் மோட்டார் ரம்பம் ஓடும்போதும், அசைவற்றுக் கிடக்கும் வீரரின் அபாய அலாரம் கத்தும்போதும் அந்த மாதிரி குழம்பிவிடும். அனலாக்கில் இரைச்சலோடு கேட்டிருக்கும் குரல், டிஜிட்டலில் உடைந்த ஓசையாக வரும். அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் இதைக் கவனித்துச் சோதனைகள் நடத்தியிருக்கின்றன. சுவாசக் கவசம் மாட்டிக்கொண்டு, பின்னால் ரம்பத்தை ஓடவிட்டு, அறைக்கு வெளியே நிற்பவருக்குச் சொல் புரிகிறதா என்று பார்க்காமல் எந்தக் கருவியையும் ஏற்காதீர்கள். விற்பனைக் கூட்டத்தில் ஏ.சி. அறையில் "ஹலோ, கேட்கிறதா" என்று பேசிக் காட்டுவார்கள். அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

அப்புறம் கட்டடங்களின் உள்ளே. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலைய தீ விபத்து 1987-ல். நிலத்தடியில் ரேடியோ வேண்டும் என்பது அதன் பிறகு நடந்த விசாரணையிலேயே வந்துவிட்டது. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்பு அன்றும் சுரங்க ரயில் பாதைக்குள் பெரும்பாலான அவசரப் பணியாளர்களின் ரேடியோ எட்டவில்லை. "பரப்பளவில் 98 சதவீதம் அலை" என்று ஒரு திட்டம் பெருமைப்பட்டால், மீதி இரண்டு சதவீதம் எந்தெந்த அடித்தளம், எந்தெந்தச் சுரங்கம் என்று கேளுங்கள். என் ஆட்கள் போகும் இடம் அந்த இரண்டு சதவீதத்தில்தான் இருக்கிறது.

---

சாவிக்கொத்து எழுதியது:

புகைமூட்டம் சார், நீங்கள் சொல்வது சரி. என் வாக்கியத்துக்கு ஒரு எல்லை போட வேண்டும். தீக்களத்தில் ஆளுக்கு ஆள் நேரடிப் பேச்சு திறந்த நிலையில், பக்கத்து மாவட்ட வண்டிக்கும் கேட்கும்படி இருக்கலாம். நான் வற்புறுத்துவது வேறொன்றை: எந்தக் குழு திறந்தது, எது மூடியது என்பது முன்கூட்டியே முடிவாகி, கருவியிலேயே பதிந்திருக்க வேண்டும். களத்தில் நிற்பவர் தலையில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. ஆனால் ஆம்புலன்ஸில் நோயாளியின் பெயரும் நோயும் போகும் குழுவைத் திறந்து வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

---

கோப்பு எழுதியது:

கொள்முதல் பக்கத்திலிருந்து. மேலே எல்லாரும் கேட்டதெல்லாம் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இல்லாவிட்டால் கிடைக்காது. நான் பார்த்த ஒரு ஒப்பந்தத்தில் கருவி, கோபுரம், பயிற்சி எல்லாம் விரிவாக இருந்தது. ஒப்பந்தம் முடியும் நாளில் கட்டமைப்பு விவரங்களும் குழுப் பட்டியலும் சாவி நிர்வாகமும் யார் கைக்கு வரும் என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாததால் புதுப்பிக்கும்போது பேரம் பேச அரசுத் தரப்பிடம் எதுவுமே இருக்கவில்லை.

பிரிட்டனின் கதையைக் கொள்முதல் பயிற்சியில் பாடமாகவே வைக்கலாம். ஏர்வேவ் என்ற டெட்ரா வலையமைப்பு தனியாருக்குச் சொந்தம். அதற்கு மாற்றாகப் புது வலையமைப்பைக் கட்டும் பணியில் மோட்டோரோலா 2015-ல் ஒரு பங்காளி ஆனது. 2016-ல் அதே மோட்டோரோலா ஏர்வேவை விலைக்கு வாங்கியது. புதியது தாமதமானால் பழையதில் வருமானம் தொடரும் என்ற நிலை. போட்டி ஆணையம் விசாரித்து, போட்டிச் சந்தையில் கிடைக்கக்கூடியதைவிட மிக அதிக லாபம் போகிறது என்று கண்டு 2023-ல் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. ஆணையம் தலையிட்டுத்தான் விலை இறங்க வேண்டியிருந்தது என்றால், வாங்கியவரிடம் வேறு வழி எதுவும் இல்லை என்று அர்த்தம்.

அதனால் கோபுர நிலமும் அலைக்கற்றையும் மைய சுவிட்ச் இருக்கும் கட்டடமும் சாவியும் அரசிடம் இருக்கட்டும். நடத்தும் வேலையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். ரேடியோ கைக்கருவியையும் வலையமைப்பையும் ஒரே நிறுவனத்திடம் வாங்காதீர்கள். திறந்த தரத்தைத் தேர்ந்தெடுப்பதன் முழுப் பயனே, இன்னொருவர் கருவியும் வேலை செய்யும் என்பதுதான். ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் போதாது. மூன்று நிறுவனங்களின் கருவிகளை ஒரே குழுவில் வைத்து, மறையாக்கத்தோடு, சாவி மாற்றத்தோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வழங்கல் சங்கிலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் லெபனானில் பேஜர்களும் மறுநாள் வாக்கி-டாக்கிகளும் வெடித்த பிறகு, கருவி தொழிற்சாலையிலிருந்து கிடங்கு வரை யார் கையில் எல்லாம் போனது என்ற கேள்வியை எந்த அரசும் ஒதுக்க முடியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று இடைத்தரகரிடம் வாங்கும் நூறு ரேடியோவும், தொலைவிலிருந்து பராமரிப்புக்காக நிறுவனம் திறந்து வைக்கும் இணைப்பும் ஒரே மாதிரி வாசல்தான். 2022 பிப்ரவரி 24 அன்று வையாசாட் செயற்கைக்கோள் சேவையைத் தாக்கியவர்கள் வானத்தில் எதையும் உடைக்கவில்லை. தவறாக அமைந்திருந்த ஒரு வி.பி.என். (வெளியிலிருந்து உள்ளே வரும் பாதுகாப்பு இணைப்பு) வழியாக நிர்வாக வலையமைப்புக்குள் நுழைந்து, ஆயிரக்கணக்கான மோடம்களை ஒரே நேரத்தில் செயலிழக்க வைத்தார்கள். தொலைப் பராமரிப்பு வழி எப்போதும் மூடியே இருக்கட்டும். வேலை இருக்கும்போது மட்டும், நம் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கத் திறக்கட்டும்.

---

கன்சோல் எழுதியது:

கட்டுப்பாட்டு அறையில் உட்காருபவள் நான். வானலை சார் முதலில் கேட்ட கேள்விக்கு என் மேசையிலிருந்து பதில்.

எங்கள் திரையில் குழுக்கள் கட்டம் கட்டமாக இருக்கும். சாதாரண நாளில் ஐந்தாறு கட்டத்தில்தான் கண் போகும். பெரிய சம்பவம் என்றால் மூன்று துறைகளும் ஒரே நேரத்தில் அழைக்கும். அப்போதுதான் பொதுக் குழு எது என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரு துறை அதற்கு எண் கொடுத்திருக்கும், இன்னொரு துறை தன் பிரிவுப் பெயரைக் கொடுத்திருக்கும். ரேடியோவில் அது நான்காவது பட்டியலில், குமிழை எத்தனையோ முறை திருகினால்தான் வரும். கையுறை போட்ட கையால், மழையில், யார் அதைத் தேடுவார்? நாடு முழுவதும் பொதுக் குழுக்களுக்கு ஒரே பெயர், எல்லாக் கருவியிலும் ஒரே இடம், குமிழின் கடைசிப் புள்ளி என்று வைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு திருகலாம். இதற்கு ஒரு காசு செலவில்லை. துறைத் தலைவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சம்மதம்தான் கிடைப்பதே இல்லை.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றும் தங்கள் டெட்ரா வலையமைப்புகளை எல்லை தாண்டி இணைத்திருக்கின்றன. தொழில்நுட்பத்தைவிட எனக்கு வியப்பாக இருப்பது, எந்தச் சம்பவத்துக்கு எந்தக் குழு, எந்த மொழி, யார் முதலில் பேசுவது என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டு சேர்ந்து பயிற்சி செய்வதுதான். நாடுகளுக்கு நடுவே முடிகிறது என்றால் ஒரே நாட்டின் துறைகளுக்கு நடுவே ஏன் முடியக் கூடாது?

பொதுக் குழுவை வாரம் ஒருமுறையாவது சாதாரண வேலைக்கே பயன்படுத்த வேண்டும். திருவிழாக் கூட்டம், வி.ஐ.பி. பாதுகாப்பு, சாலை விபத்து எதுவானாலும் சரி. "பேரிடருக்கு மட்டும்" என்று பூட்டி வைத்த குழு பேரிடரன்று யார் நினைவுக்கும் வராது.

அவசரப் பட்டன் பற்றியும் சொல்கிறேன். அதை அழுத்தினால் மற்ற பேச்சைத் தள்ளிவிட்டு வழி கிடைக்கும். ஆனால் எங்கள் பக்கம் யார் எடுப்பது, எத்தனை நொடியில், எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பது எழுதியிருக்க வேண்டும். தற்செயலாக அழுத்தப்படும் பட்டன்கள் ஏராளம். அதனாலேயே அலட்சியம் வந்துவிடும். பொய் அழைப்பாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் திரும்ப அழைத்து உறுதி செய்வது என்ற வழக்கத்தைப் புது ஆட்களுக்கு முதல் நாளிலேயே பழக்குகிறேன்.

---

இளம்பொறியாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி மிச்சம். தளமும் போய், பின்னிணைப்பும் போய், செயற்கைக்கோளும் கிடைக்காத நாளில் தலைநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவே என்ன இருக்கும்?

---

மலைத்தளம் எழுதியது:

எச்.எஃப்., அதாவது சிற்றலை ரேடியோ, இருக்கும் தம்பி. பழைய ஆள் பேச்சு என்று ஒதுக்கிவிடாதே. 3 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரையில், ஒரு நீளக் கம்பியைத் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டினால், அலை ஏறக்குறைய நேர்மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிச் சுற்றிலும் முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்கு விழும். நடுவில் மலை இருந்தாலும் பரவாயில்லை. கோபுரம் வேண்டாம், கேபிள் வேண்டாம். ஒரு 100 வாட் கருவி, ஒரு கார் பேட்டரி போதும். பகலுக்கு ஒரு அலைவெண், இரவுக்கு அதைவிடத் தாழ்ந்த ஒன்று வேண்டும். எது திறந்திருக்கிறது என்று தானே தேடித் தொடர்பு பிடிக்கும் கருவிகளும் இருக்கின்றன. வேகம் குறைவு, படம் போகாது. ஆனால் "எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள், எந்தப் பாலம் நிற்கிறது, என்ன வேண்டும்" என்பது மறையாக்கத்தோடு எழுத்தாகப் போய்ச் சேரும்.

மாவட்டத்துக்கு ஒன்று வைத்தால் போதும். கூடவே, அதை இயக்கத் தெரிந்த இருவராவது எப்போதும் பணியில் இருக்கும்படி பணி ஒதுக்கீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இடமாற்ற உத்தரவு வரும்போது ஆளோடு அறிவும் போய்விடுகிறது. கருவி மட்டும் அலமாரியில் உறையோடு இருக்கிறது.

---

வானலை எழுதியது:

மலைத்தளம் சொன்ன பணி ஒதுக்கீட்டு வரியையும், கன்சோல் அம்மா சொன்ன குமிழின் கடைசிப் புள்ளியையும் டெண்டர் வரைவின் முதல் பக்கத்துக்கே கொண்டுபோகச் சொல்லி எழுதப்போகிறேன். புகைமூட்டம் சார், கவசத்தோடு செய்யும் குரல் சோதனைக்கு நீங்கள் பின்பற்றும் முறையைப் படி படியாக இங்கே இட முடியுமா? எவ்வளவு தூரம், எந்த இரைச்சல், எத்தனை சொற்கள் என்று இருந்தால் அப்படியே ஏற்புச் சோதனையில் சேர்த்துவிடலாம்.